மாங்காயா, மாங்ஙயா? பாறசாலை, நெய்யாற்றின்கரை மாணவர்கள் மொழியியல் படித்தால் என்ன கிடைக்கும்?

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், தேர்வில் ஆங்கிலம், யூடியூபில் மூன்றும் கலந்து. கேரளத்தின் தென்கோடியில் இருக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வளரும் பலருக்கு இது அன்றாட வாழ்க்கை.

ஆனால் பிளஸ் டூ முடித்து, "மொழி சம்பந்தமா ஏதாவது படிக்கப் போறேன்" என்று சொன்னால் போதும். "மொழி படிச்சு என்ன பண்ணப் போற?" என்ற கேள்வி வந்து நிற்கும்.

நியாயமான கேள்விதான். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் ஒருவருக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் என்பது சின்ன முதலீடு இல்லை. படிப்பின் பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டு சேர்ந்துவிட்டால் அந்த ஆண்டுகள் திரும்பக் கிடைக்காது.

அரசுப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மொழி, மொழியியல் படிப்பு என்றால் என்ன? எல்லைப்பகுதி மாணவருக்கு அதில் என்ன சாதகம், எங்கே கவனம் வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லை எப்போது வந்தது?

களியக்காவிளை தமிழ்நாடு. அதை ஒட்டிய இஞ்சிவிளை கேரளம். நடந்தே போகும் தூரம். இந்தக் கோடு 1956 நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முன்பு இரண்டு பக்கமும் திருவிதாங்கூர்தான். மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர்கள் அதிகம் வாழும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரியது. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாகின.

மொழிவாரி மாநிலப் பிரிப்பில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டுக்கு வந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது. கோரிக்கைப் பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே இருந்துவிட்டது. பாறசாலையும் அந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது.

நிலத்தை ஒரே நாளில் பிரித்துவிடலாம். பேச்சை அப்படிப் பிரிக்க முடியாது. அதனால்தான் இந்தப் பகுதி மொழியியலுக்கு முக்கியமான இடம்.

மொழி படிப்பதும் மொழியியல் படிப்பதும் ஒன்றா?

இல்லை. பலர் குழம்புவது இங்கேதான். மொழி சார்ந்த படிப்பில் மூன்று வகை உண்டு.

முதலாவது, மொழித்திறன். ஜெர்மனோ ரஷ்யனோ பேச, படிக்க, எழுதக் கற்றுக்கொள்வது. சான்றிதழ், டிப்ளமோ படிப்புகள் பெரும்பாலும் இந்த வகை.

இரண்டாவது, மொழியும் இலக்கியமும். பி.ஏ. தமிழ், எம்.ஏ. ஜெர்மன், எம்.ஏ. ரஷ்யன் போன்றவை. மொழித்திறனோடு இலக்கியம், வரலாறு, மொழிபெயர்ப்பு ஆகியவையும் இருக்கும்.

மூன்றாவது, மொழியியல். இது புது மொழி பேசக் கற்றுத் தரும் படிப்பு இல்லை. மொழி என்ற ஒன்று எப்படி இயங்குகிறது என்று ஆராயும் படிப்பு. ஒலிகள் வாயில் எங்கே பிறக்கின்றன, சொல் எப்படி உருவாகிறது, வாக்கியம் எப்படி அமைகிறது, பொருள் எப்படிப் புரிகிறது, சமூகம் மாறும்போது பேச்சு ஏன் மாறுகிறது என்பவை இதன் பாடங்கள். ஒலியியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல், சமூக மொழியியல், கணினி மொழியியல் என்று பிரிவுகள் போகும்.

"எம்.ஏ. மொழியியல் முடிச்சா எத்தனை மொழி பேசலாம்?" என்று கேட்டால், பதில்: நீங்கள் உள்ளே போகும்போது பேசிய அதே எண்ணிக்கைதான். ஆனால் அந்த மொழிகளைப் பிரித்துப் பார்த்து, திரும்பக் கோர்க்கத் தெரிந்திருக்கும்.

மாங்காய் சொல்லும் கதை

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ங. தமிழில் மஞ்சள், மலையாளத்தில் மஞ்ஞள். தமிழில் பஞ்சு, மலையாளத்தில் பஞ்ஞி.

மூன்றிலும் நடந்திருப்பது ஒரே மாற்றம். மூக்கொலிக்குப் பின்னால் வரும் க, ச போன்ற ஒலிகளை அந்த மூக்கொலியே விழுங்கிவிட்டது. தனித்தனிச் சொற்களாக மனப்பாடம் செய்ய வேண்டியதை ஒரே விதியில் அடக்கிவிடலாம்.

அடுத்தது வினைச்சொல். தமிழில் நான் வந்தேன், நீ வந்தாய், அவன் வந்தான். ஆளுக்கு ஆள் விகுதி மாறும். மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு. விகுதி ஒன்றே.

இதுபோன்ற வேறுபாடுகளை ஆறு விதிகளாக வகுத்தவர் ஏ.ஆர். ராஜராஜ வர்மா. அவருடைய 'கேரள பாணினீயம்' 1896-இல் வெளிவந்தது. 1917-இல் திருத்திய பதிப்பு வந்தது.

சரி, எல்லையில் என்ன நடக்கிறது? விளவங்கோடு பக்கத் தமிழில் குடிக்கும் தண்ணீர் 'வெள்ளம்'. பலாப்பழம் 'சக்கை'. ஆனால் வினைச்சொல்லில் விகுதி தமிழ் முறைப்படி மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் திருவனந்தபுரம் வட்டார மலையாளத்தில் 'என்ன' என்பதற்கு ஏட்டு மலையாளத்தின் 'எந்து' இல்லை, 'எந்தரு'.

அதாவது சொல் ஒரு இடத்தில் எல்லை தாண்டும், ஒலி இன்னொரு இடத்தில், இலக்கணம் வேறொரு இடத்தில். வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு போட வேண்டும். அந்தக் கோடுகள் 1956-இல் போட்ட மாநிலக் கோட்டோடு பொருந்த வேண்டிய அவசியம் இல்லை.

இந்தப் பேச்சைக் கேட்டு "இது தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல" என்று கிண்டல் செய்பவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. மொழியியல் வகுப்பில் இதற்கு நேர் எதிரான பாடம் இருக்கும்: விதிப்படி இயங்கும் எந்தப் பேச்சும் பிழை இல்லை. எது விதி என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வாளரின் வேலை. வெளியூர் ஆய்வாளர் மாதக்கணக்கில் தங்கிச் சேகரிக்க வேண்டிய தகவல், உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

வடசேரியிலிருந்து காரியவட்டம் வரை

இதை முன்பே செய்து காட்டியவர் ஒருவர் இந்த வட்டாரத்திலிருந்தே வந்திருக்கிறார். பேராசிரியர் வ.அய். சுப்பிரமணியம், 1926-இல் நாகர்கோவில் வடசேரியில் பிறந்தவர். அப்போது அது திருவிதாங்கூர்.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் புறநானூற்றின் சொல்லமைப்பை மொழியியல் முறையில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். சங்க இலக்கியத்தைப் புதிய கருவிகளால் படிக்கலாம் என்று காட்டிய ஆய்வு அது.

1963-இல் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை அவர் தலைமையில் தொடங்கியது. 1971-இல் திராவிட மொழியியல் கழகம் உருவாக அவர்தான் காரணம். மலையாளத்தின் கிளைமொழிகளைக் களத்தில் போய் பதிவு செய்யும் பெரிய திட்டத்தை அவர் நடத்தினார். அதன் தொகுதி 1974-இல் வெளியானது. 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர்தான் மலையாளக் கிளைமொழிகளுக்கு வரைபடம் போடும் வேலையை முன்னெடுத்தார் என்பதைக் கவனியுங்கள். இரண்டு மொழிக்கு நடுவில் வளர்ந்தது அவருக்குக் குறையாக இல்லை.

இந்த வட்டாரத்தின் மொழிக் கல்வி இன்னும் பழையது. களியக்காவிளைக்குத் தெற்கே, முன்சிறை அருகே இருக்கும் பார்த்திவசேகரபுரத்தில் 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னர் கருநந்தடக்கன் ஒரு சாலை அமைத்தார். சாலை என்றால் இங்கே ரோடு இல்லை, கல்விக்கூடம். அதன் செப்பேடு 95 மாணவர்களுக்கு இடம் ஒதுக்குகிறது. சேர வருபவர்கள் இலக்கணம் அறிந்திருக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. ஆனால் அது வைதிகக் கல்வி. எல்லோருக்கும் திறந்த கதவு இல்லை. இன்றைய அரசுப் பல்கலைக்கழகம் வேறுபடுவது அந்த இடத்தில்தான்.

கணக்கெடுப்பில் தொலைந்துபோகும் பேச்சு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.5 சதவீதம்.

இந்த எண் எப்படிக் கிடைக்கிறது? அந்தக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. மொழியியல் ஆய்வாளர்கள் அவற்றைச் சரிபார்த்துத் தொகுத்ததில் 1,369 தாய்மொழிகள் கிடைத்தன. அவற்றை மறுபடியும் சேர்த்து, 10,000 பேருக்கு மேல் பேசும் 121 மொழிகள் என்று பட்டியல் வந்தது.

19,569 பெயர்கள் 121 ஆகச் சுருங்கும் அந்த வடிகட்டலில், யார் எந்த மொழிக்குக் கீழே போகிறார்கள் என்று தீர்மானிப்பது மொழியியல் வேலை. ஒருவருக்கு ஒரு தாய்மொழிதான் பதிவாகும். கூடுதலாகத் தெரிந்த மொழிகள் இரண்டு வரை குறிப்பார்கள். இரண்டு மொழியிலும் சமமாக வளர்ந்த குழந்தை கணக்கில் ஏதாவது ஒரு பக்கம்தான் நிற்கும்.

இது வெறும் புள்ளிவிவரப் பிரச்னை இல்லை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதி, அதே மொழியில் பதில் பெறக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 வழி செய்கிறது. உள்ளூர் அலுவலகங்களில் இந்த உரிமை, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு உரியது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு. எத்தனை பேர் என்ற எண்தான் இதற்கெல்லாம் அடிப்படை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. எல்லையோரப் பேச்சை அறிந்த மொழியியல் பட்டதாரிகள் இருந்தால், வரும் எண்ணை வைத்துக் கேள்வி கேட்கவாவது ஆள் இருக்கும்.

ஜெர்மன், ரஷ்யன் படிக்க நினைத்தால்?

கேரளத்தில் வெளிநாட்டு மொழி என்றதும் இப்போது முதலில் காதில் விழுவது ஜெர்மன். காரணம் நர்சிங் வேலை. கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ், ஜெர்மனியின் கூட்டாட்சி வேலைவாய்ப்பு நிறுவனத்தோடு 2021 டிசம்பரில் 'ட்ரிபிள் வின்' ஒப்பந்தம் செய்தது. தேர்வாகும் நர்சுகளுக்கு பி1 நிலை வரை மொழிப் பயிற்சி இலவசம்.

பி1 என்றால்? ஐரோப்பாவில் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாக அளக்கிறார்கள். ஏ1-இல் பெயர், ஊர் சொல்லலாம். பி1-இல் அன்றாட வேலைகளைச் சமாளிக்கலாம். ஜெர்மனியில் முழு நர்சாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 கேட்பார்கள்.

பி2-வை எட்ட 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது கோத்தே நிறுவனத்தின் மதிப்பீடு. கணக்குப் போட்டால் 450 முதல் 600 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் என்றால் 15 முதல் 20 மாதம். "மூணு மாசத்தில் ஜெர்மன்" என்று விளம்பரம் பார்த்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: பல்கலைக்கழகப் பட்டமும் இந்த நிலைச் சான்றிதழும் வேறு வேறு. விசாவுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் பெரும்பாலும் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட தேர்வின் சான்றிதழை. ஆசிரியர் பணி, ஆய்வு, மேற்படிப்பு என்றால் பட்டம் வேண்டும். ஆகவே மொழி இலக்கியத்தில் பட்டம் படிப்பவரும் நிலைத் தேர்வை எழுதி வைப்பது நல்லது.

எங்கே படிக்கலாம்?

பாறசாலை, நெய்யாற்றின்கரை மாணவர்களுக்கு அருகில் இருப்பது கேரளப் பல்கலைக்கழகம். 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1957-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. மொழியியல், தமிழ், ஜெர்மன், ரஷ்யன், அரபி, சமஸ்கிருதம் ஆகியவற்றுக்குத் தனித் துறைகள் உண்டு. தமிழ் லெக்சிகனைப் பதிப்பித்த எஸ். வையாபுரிப் பிள்ளை 1950-களில் இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார்.

மொழியியல் துறை காரியவட்டம் வளாகத்தில் இருக்கிறது. பாறசாலையிலிருந்து தலைநகருக்குச் சுமார் 30 கி.மீ.; காரியவட்டம் நகரத்தின் வடக்குப் பக்கம், கழக்கூட்டம் ரயில் நிலையம் அருகே. தினமும் போய்வர முடியும் என்றாலும் நேரம் எடுக்கும்.

கேரளத்தில் இன்னும் இரண்டு இடங்கள்: திரூரில் துஞ்சத்து எழுத்தச்சன் மலையாளப் பல்கலைக்கழகம், காசர்கோட்டில் கேரள மத்தியப் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் நீண்ட பாரம்பரியம் உள்ளது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் துறை இருக்கிறது. வெளிநாட்டு மொழிகளுக்கு ஹைதராபாத்தின் இஃப்லு, டெல்லியின் ஜே.என்.யு. இரண்டும் மத்தியப் பல்கலைக்கழகங்கள்.

மொழியியலை முதுகலையில்தான் தொடங்க வேண்டும் என்றாலும் கவலை இல்லை. பல பல்கலைக்கழகங்களில் எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் எம்.ஏ. மொழியியலுக்கு விண்ணப்பிக்கலாம். கணிதமோ கணினியோ படித்தவருக்கும் இடம் உண்டு. தகுதி விதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாநிலக் கோட்டைத் தாண்டினால் என்ன மாறும்?

எல்லையோரக் குடும்பங்கள் கடைசி நேரத்தில் அதிர்ச்சி அடைவது இந்த விஷயத்தில்தான்.

ஒன்று, இடஒதுக்கீடு. பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்கள் மாநிலவாரியாக இருக்கின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடைக்கும் சலுகை அந்தப் பக்கம் தானாகக் கிடைக்காது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர், குடிபெயர்ந்த மாநிலத்தில் அதே சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது.

இரண்டு, கல்வி உதவித்தொகை. கேரளத்தின் இ-கிராண்ட்ஸ் போன்ற திட்டங்களுக்கு அந்த மாநிலத்தின் சான்றிதழ்கள் வேண்டும்.

மூன்று, படிப்புக் காலம். கேரளத்தில் 2024 முதல் நான்காண்டு இளங்கலைத் திட்டம் வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டில் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காம் ஆண்டு படித்தால் ஆனர்ஸ். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு பட்டமே தொடர்கிறது. ஒரு மாநிலத்தில் இளங்கலை, மற்றொன்றில் முதுகலை என்று திட்டமிட்டால், எந்த ஆண்டில் மாறுவது என்று முன்பே விசாரியுங்கள்.

வேலை கிடைக்குமா?

'மொழியியலாளர்' என்ற பெயரில் விளம்பரங்கள் அதிகம் வராது. வேலைகள் வேறு பெயரில் இருக்கும்.

கற்பித்தல் என்றால் யுஜிசி நெட் தேர்வில் மொழியியல் தனிப் பாடம். மொழி ஆய்வுக்கு மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. அகராதி, மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், பாடநூல் தயாரிப்பு என்று மற்ற வழிகள்.

புதிய வழி, மொழித் தொழில்நுட்பம். மத்திய அரசின் பாஷினி திட்டம் 2022-இல் தொடங்கியது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்குப் பேச்சறியும், மொழிபெயர்க்கும் மென்பொருள்களை உருவாக்குகிறது. இப்படிப்பட்ட மென்பொருளுக்கு எந்தப் பேச்சைக் கொடுத்துப் பழக்குகிறோமோ அதுதான் புரியும். செய்தி வாசிப்பாளரின் தமிழை மட்டும் கேட்ட இயந்திரத்திடம், ஒரு பாட்டி "இத்திரி வெள்ளம் வேணும்" என்று சொன்னால், வெள்ளப்பெருக்கு எச்சரிக்கை காட்டினாலும் ஆச்சரியமில்லை. பாட்டியின் பேச்சைப் பதிவு செய்து குறியிட, இரண்டு மொழியும் தெரிந்த, பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஆனால் இந்தப் பணிகள் பலவும் ஒப்பந்த அடிப்படையிலானவை. கூடவே கொஞ்சம் புரோகிராமிங் தெரிந்தால் வாய்ப்பு விரியும்.

ஒரு எச்சரிக்கை: மொழியியல் பட்டம் உங்களைப் பேச்சுப் பயிற்சி சிகிச்சையாளர் ஆக்காது. அதற்கு பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற தனிப் படிப்பும் இந்திய மறுவாழ்வுக் குழுவின் பதிவும் வேண்டும். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள நிஷ் நிறுவனத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது.

சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எனக்கு வேண்டியது மொழி பேசும் திறனா, இலக்கியமா, மொழி ஆய்வா?

2. இந்தப் படிப்பு முடியும்போது எந்த நிலை வரை அந்த மொழி வரும்? அதற்கான நிலைத் தேர்வை யார் நடத்துகிறார்கள்?

3. துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? களப்பணியும் கணினிப் பயிற்சியும் பாடத்திட்டத்தில் உண்டா?

4. என் சாதி, வருமான, இருப்பிடச் சான்றிதழ்கள் அந்த மாநிலத்தில் செல்லுமா?

5. மூன்று ஆண்டில் வெளியேறினால் என்ன, நான்கு ஆண்டு படித்தால் என்ன?

இந்த ஐந்துக்கும் பதிலைத் துறை அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். முடிந்தால் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமும் பேசுங்கள். விளம்பரக் கையேட்டில் வராத விவரம் அவரிடம் கிடைக்கும்.

வீட்டில் மறுபடியும் "மொழி படிச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்டால், இந்த ஐந்து பதில்களோடு போய் உட்காருங்கள். அது ஒரு சண்டையாக இல்லாமல், குடும்பமே சேர்ந்து போடும் கணக்காக மாறும்.